ஓடாத நாடாவும் உறங்கும் வரலாறும்

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

பொருளை ஈட்டுவதோடு, ஈட்டியதைக் காப்பதையும் நல்லாட்சியின் இலக்கணமாக வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. செல்வத்துக்கு அவர் வகுத்த நெறி நினைவுகளுக்கும் பொருந்தும். சேர்த்து வைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர், காப்பதில்தான் சோர்ந்துவிடுகிறோம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ நம் வீட்டு இரும்புப் பீரோவின் அடித்தட்டைத் திறந்து பார்த்தாலே போதும். பட்டுப் புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் இடையே ஒரு கறுப்புப் பெட்டி அகப்படும். அதன் முதுகில் ஒட்டிய தாளில் மணமக்கள் பெயரும் ஒரு தேதியும் மங்கிய மையில் இருக்கும். அதுதான் அம்மா அப்பாவின் கல்யாண கேசட்.

"கேசட் பத்திரமாக இருக்கிறது" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கின்றனர். இருப்பது உண்மை, ஆனால் அது ஓடுமா? இந்தக் கேள்வியை இன்றே கேட்டாக வேண்டும் என்பதும், அதற்கு விடை காணும் கடமை நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு உண்டு என்பதும் என் கருத்து.

தில்லை கற்பிக்கும் பாடம்

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. பாடிய மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்றனர் காவலர். மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து மன்னன் அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கரையான் அரித்தது போக எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்தார் என்பது அவ்வரலாறு.

இதிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த அறைக்குக் காவல் இல்லாமல் இல்லை. பூட்டு இருந்தது, முத்திரை இருந்தது, கள்வர் எவரும் நுழையவில்லை. ஆயினும் ஏடுகள் அழிந்தன. எடுத்துப் படிப்பாரும், பார்த்துப் படியெடுப்பாரும் இல்லாமையே அழிவுக்குக் காரணம். காவல் வேறு, காப்பு வேறு. பீரோவின் பூட்டு காவல் தரும், காப்புத் தராது.

ஓலைக்கு ஆயுள் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனால்தான் பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினர். அவ்வழக்கம் தளர்ந்த காலத்தில் எத்தனையோ சுவடிகள் ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போயின. எஞ்சியவற்றைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். நமக்கு அண்மையிலேயே, புதுச்சேரியில் காக்கப்படும் சைவச் சுவடிகள் 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. பழைய ஓலைக்கு இவ்வளவு பெருமை சேர்க்கும் நாம், நேற்றைய நாடாவை மட்டும் மறப்பது முறையாகுமா?

புதிய கருவிகளைக் கையாள்வோரும் இந்தத் தவற்றுக்கு விலக்கு அல்லர். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சி வந்து சேர்ந்த மூல நாடாக்கள், வேறு பதிவுகளுக்காகப் பிற்காலத்தில் அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2009-இல் அறிவித்தது. நிலவுக்கு ஆளனுப்பியவர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டின் கதியைச் சொல்ல வேண்டுமோ?

டெக் வந்த காலம்

வி.எச்.எஸ். என்னும் கேசட் முறையை ஜப்பானிய ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வெளியிட்டது. நம் நாட்டில் 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக்கும் வந்தது. டெக்கை வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். பிறகு கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது நாதசுரத்தைப் போல் தவிர்க்க முடியாத ஒன்றாயிற்று. கடலூர் மாவட்டம் தனியாகப் பிறந்தது 1993-இல். அதற்கு முன்னர்த் தென்னார்க்காடாக இருந்த காலத்திலேயே நம் ஊர்க் கல்யாணங்கள் நாடாவில் ஏறத் தொடங்கிவிட்டன. குறுந்தகடு பரவும் வரை இந்த நாடாவே ஊரின் கண்ணாக இருந்தது.

அந்த நாடாக்களில் மணமக்கள் மட்டுமா இருக்கின்றனர்? பந்தியில் பரிமாறும் பாட்டனார் இருக்கிறார். ஊர்ப்பேச்சு மாறாத பாட்டியின் குரல் இருக்கிறது. ஓட்டு வீடுகள் வரிசையாக நின்ற தெரு இருக்கிறது. பெயர் எந்த ஏட்டிலும் ஏறாத நாதசுரக் கலைஞரின் வாசிப்பு இருக்கிறது. சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலியின் தொடக்க ஆண்டுகளையோ, 1987-இல் நடந்த தில்லைக் கோயில் குடமுழுக்கையோ யாரேனும் நாடாவில் பிடித்து வைத்திருப்பின், அவை இன்று விலை மதிப்பற்றவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வேன். 26-12-2004 அன்று காலை வந்த ஆழிப்பேரலை, தேவனாம்பட்டினம் உள்ளிட்ட நம் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அலைக்கு முன்னிருந்த குப்பங்களின் தோற்றமும், மாண்டவர்களின் நடையும் சிரிப்பும் அதற்கு முந்திய கல்யாண கேசட்டுகளில் உயிரோடு இருக்கக்கூடும். உள்ளூரில் நடந்த கல்யாணத்தின் கேசட் வெளியூர்ச் சம்பந்தி வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கவும் கூடும். தாயின் முகத்தைப் புகைப்படத்தில் மட்டுமே அறிந்து வளர்ந்த ஒருவருக்கு, அவள் குரலை ஒருமுறை கேட்பது எத்தகைய பேறு என்பதை எண்ணிப் பாருங்கள்!

நாடா ஏன் நோயுறுகிறது?

மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் அரை அங்குல அகலமுள்ள நாடா ஏறத்தாழக் கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றப்பட்டிருக்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-இல் ஒரு பங்கு. பாலியெஸ்டர் தகட்டின் மேல் இரும்பு ஆக்ஸைடுத் துகள்களை ஒருவகைப் பசையால் ஒட்டியிருக்கின்றனர். துகள்களின் காந்தத் திசையில்தான் படம் பொதிந்துள்ளது. டெக்கினுள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று வினாடிக்கு 25 முறை சுழல, அதிலுள்ள ஹெட்டுகள் நாடாவின் மேல் சாய்வாகச் சென்று படிக்கின்றன. படிக்கும் தடத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கே. ஆகவே ஒரு தூசி போதும், படம் கெடுவதற்கு.

"நாளானால் காந்தம் தீர்ந்துவிடும்" என்று பலர் எண்ணுகின்றனர். ஒலிபெருக்கி போன்ற வலிய காந்தங்களின் அருகில் வைக்காதவரை காந்தப் பதிவு பல பத்தாண்டுகள் நிற்கும். முதலில் தளர்வது பசையே. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது சிதைகிறது. நாடா பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது பகை பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை தழைக்கும். நம் கடற்கரைக் காற்றுக்கோ அது எளிய அளவு! மூன்றாவது பகை வெப்பம். கத்திரி வெயிலில் பரண் அடுப்பாகிறது; நாடா நெகிழ்ந்தும் சுருங்கியும் உருக்குலைகிறது. நான்காவது பகை வெள்ளம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருமழை, 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் என்று நம் மாவட்டம் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

ஐந்தாவது பகையைப் பலர் நினைப்பதே இல்லை. அது கருவியின் மறைவு. உலகில் கடைசியாக இக்கருவியைச் செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடா நலமாக இருந்தாலும், ஓட்டுவதற்கு டெக் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டியே. 2025-க்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களுள் பெரும்பாலானவை மீளா என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் எச்சரித்தது. அந்தக் கெடு வந்தே விட்டது. அதனால் மனம் தளர வேண்டியதில்லை. நல்ல நாடாக்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் இனியும் ஒத்திப் போட இடமில்லை.

செய்வனவும் தவிர்ப்பனவும்

இடம் முதலில். பரணும் வேண்டாம், தரையும் வேண்டாம். பரணில் வெப்பம், தரையில் வெள்ளம். உள்ளறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டே நல்லது. கேசட்டைப் படுக்க வைக்காமல், புத்தகத்தைப் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். நாடா முழுவதும் ஒரே பக்கம் சுற்றியிருக்க வேண்டும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும். கேசட்டின் விளிம்பிலுள்ள சிறிய பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால், அதன்மேல் வேறு எதையும் பதிய இயலாது. கல்யாணத்தின் மேல் தொலைக்காட்சித் தொடரைப் பதிந்துவிட்டுக் கண்ணீர் வடித்த குடும்பங்கள் உண்டு!

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். சுருளின் மேல் வெண்புள்ளிகளோ பஞ்சு போன்ற படலமோ தென்பட்டால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. போட்டால் நாடா அறுவதோடு, பூஞ்சை டெக்குக்கும், டெக்கிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்து நன்றாக உலர்த்திய பின், மூக்கை மூடிக்கொண்டு திறந்த வெளியில், நாரில்லாத மென்துணியால் மெதுவாகத் துடைப்பது முறை. கைப்பழக்கம் இல்லாதவர் இதில் இறங்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நன்று. வெள்ளத்தில் நனைந்த கேசட்டை வெயிலில் காய வைப்பது பெரும் தவறு. சேறும் உப்பும் உள்ளே இறுகிவிடும். தூய நீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும்.

டெக்கையும் கவனிக்க வேண்டும். நெடுநாள் உறங்கிய டெக்கில் ரப்பர் பெல்ட்டு தளர்ந்திருக்கும், உருளைகள் இறுகியிருக்கும். ஆதலால் முதலில் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுச் சோதிக்க வேண்டும். ஹெட்டைப் பஞ்சால் துடைக்கக் கூடாது. நார் சிக்கி ஹெட் முறியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மென்தோலை அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். அறுந்த நாடாவைச் சாதாரணப் பசைத்தாளால் ஒட்டுவது ஹெட்டுக்கு எமன்.

எல்லாவற்றுள்ளும் தலையாயது இது: முதல் முறை ஓடுவதே கடைசி முறையாகவும் இருக்கலாம். ஆகையால் "முதலில் பார்த்துவிடுவோம், பிறகு பதிவு செய்வோம்" என்று எண்ணாமல், ஓட்டும் போதே கணினியில் ஏற்றிவிட வேண்டும். டி.வி. எனப்படும் முறையில் ஏற்றினால் ஒரு மணிக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும்; ஒரு டெராபைட் வன்தட்டில் மூன்று மணி நேரக் கேசட்டுகள் 25 அடங்கும். வெளிநாட்டுக் கேசட் என்றால் முறையும் பார்க்க வேண்டும். நம் டெக்குகள் பால் முறையைச் சேர்ந்தவை. அமெரிக்கா, கனடா உறவினர் அனுப்பியது என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து வந்தது செக்காம் முறையானால், நம் டெக்கில் வண்ணம் இழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதைக் கண்டு நாடா கெட்டுவிட்டது என்று எறிந்துவிடக் கூடாது.

கணினியில் ஏற்றியதோடு கடமை முடிந்துவிடாது. ஒரு பென் டிரைவில் மட்டும் வைப்பது, தில்லை அறையில் மீண்டும் பூட்டுவதற்கு ஒப்பாகும். மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்தட்டுக்கு மாற்ற வேண்டும். மூல கேசட்டையும் எறியலாகாது.

சில மறுப்புகள்

"பந்தியில் சாப்பிடுவதையும் மேடையில் கைகுலுக்குவதையுமா காக்க வேண்டும்? அதற்கு இத்தனை பாடா?" என்று கேட்பாருண்டு. அவர்களுக்கு என் விடை இது. கல்வெட்டில் மன்னர்கள் இருக்கின்றனர். செய்தித்தாளில் தலைவர்கள் இருக்கின்றனர். உழவரும் மீனவரும் நெசவாளரும் கொத்தனாரும் அசைந்தும் பேசியும் பதிவானது இந்தக் கேசட்டுகளில்தான். கடன் வாங்கிக் கல்யாணம் செய்த தந்தை, வீடியோக்காரருக்கும் பணம் எடுத்து வைத்தார் என்றால், தம் குடும்பமும் நினைக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதே பொருள். அந்த விருப்பத்தை அற்பம் என்று தள்ள நமக்கு உரிமையில்லை.

"செல்வாக்குள்ளவர்கள் செய்துகொள்வார்கள், கடையில் கொடுத்தால் மாற்றித் தருகிறார்களே" என்பார் சிலர். உண்மையே. பணம் உள்ளவர் கேசட் பிழைக்கும். ஒரு நாள் கூலியைக் கேசட்டுக்குச் செலவிட முடியாதவர் நினைவு மட்டும் பூஞ்சைக்கு இரையாக வேண்டுமா? என் வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

"குடும்பப் படங்கள் வெளியே போனால் மானம் போகுமே" என்ற அச்சம் நியாயமானது. நான் அதனை மதிக்கிறேன். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் படங்கள் அவை. உரியவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு காட்சியும் வலைத்தளத்தில் ஏறக் கூடாது. காத்தல் என்பது அம்பலத்தில் ஏற்றுவது ஆகாது.

கல்லூரியின் கடன்

அரசு கலைக் கல்லூரிகளில் பயிலும் நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஊர்களுக்கும் நூலகத்துக்கும் இடையே பாலமாக நிற்பவர்கள் நாம். ஆகவே நான் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. கல்லூரியில் ஓர் அறை, பழுது நீக்கிய இரண்டு டெக்குகள், ஒரு கணினி, சில வன்தட்டுகள். இவ்வளவே மூலதனம். இயற்பியல் மாணவர்கள் டெக்கைப் பராமரிக்கட்டும். கணினி அறிவியல் மாணவர்கள் பதிவேற்றட்டும். வரலாற்று மாணவர்கள் ஊர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்துப் பட்டியல் எழுதட்டும். தமிழ்த்துறை மாணவர்கள் பெரியவர்களை அருகில் அமர்த்தி, படத்தில் யார் யார், என்ன சடங்கு, என்ன சொல் என்று கேட்டு எழுதட்டும். பெயர் சொல்லும் பெரியவர் மறைந்த பின் படம் மட்டும் பிழைத்துப் பயனில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர் ஊராகச் செல்கிறோம். மரம் நடுகிறோம், தெருவைத் தூய்மை செய்கிறோம். அவ்வாறு செல்லும் போது, "வீட்டில் பழைய கேசட் உண்டா, அம்மா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்போமே! கேசட்டை வாங்கும் போது சீட்டுக் கொடுத்து, மாற்றிய படியோடு கேசட்டையும் திருப்பித் தருவோம். குடும்பத்தார் எழுத்தில் இசைந்தால் மட்டும் ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். முதல் ஆண்டில் ஐம்பது கேசட்டுகள் பிழைத்தாலும் அது பெரும் பேறு.

பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும். பாடத்திட்டத்தில் காந்தப்புலத்தைப் படிக்கும் நாங்கள், அந்தக் காந்தத்தில் உறங்கும் எங்கள் ஊரின் குரலைக் கேட்கவும் ஓர் ஆய்வகம் கிடைத்தால், படிப்புக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளி சற்றுக் குறையும்.

நண்பர்களே! ஓலை ஏடு சில நூற்றாண்டுகள் பொறுத்தது. நாடா நம்மை அவ்வளவு காலம் பொறுக்காது. நாடாவும் ஓடி, டெக்கும் இயங்கி, படத்தில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பெரியவர்களும் நம்மோடு இருக்கும் காலம் இதுவே. இம்மூன்றும் ஒருங்கே கூடிய இந்தச் சில ஆண்டுகளை நழுவவிட்டால், பின்னர் எவ்வளவு பொருள் செலவிட்டாலும் மீட்க இயலாது. இந்தக் கோடை விடுமுறையில் அவரவர் வீட்டுக் கேசட்டுகளை எண்ணி, எழுதி எடுத்து வருவோம். அறைக்கும் டெக்குக்கும் கல்லூரி வழி செய்யட்டும். உழைப்புக்கு நாங்கள் இருக்கிறோம்.